ஆறு மணி வரை அவர் குரல்

அத்தியாயம் 14

வாய் நிறையப் பற்பசை நுரையோடு என் மகள் ஹாலுக்கு வந்து நின்றாள். ஒரு கையில் பிரஷ், இன்னொரு கையில் டி.வி. ரிமோட்.

"அம்மா, அப்பா பேசின சீரியல் இன்னிக்கோட எடுத்துடறாங்களாம்."

"எங்கேருந்து?"

"ஆப்லேருந்துதான். சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்தான் இருக்கும். போட்டிருக்கான் பாரு."

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கையை உதறிவிட்டு டி.வி. இருக்கும் அறைக்குப் போய்ப் பார்த்தேன். பஸ் டிரைவர் தொப்பியோடு சிரிக்கும் படத்துக்குக் கீழே, கதைச் சுருக்கத்துக்கும் கீழே, சாம்பல் நிறத்தில் ஒரு வரி. எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து.

இந்தப் பக்கத்தை முதல் தடவையாகத் திறப்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் கணவர் டப்பிங் பேசுகிறவர். பெரிய நடிகர்களுக்குப் பேசியவர் அல்ல. வெளிநாட்டுத் தொடர்களில் வரும் காவலாளி, வக்கீல் குமாஸ்தா, ஆஸ்பத்திரி வாசலில் வழி சொல்கிறவர் என்று இரண்டு வரி ஆட்களுக்குப் பேசியவர். அவருக்குக் கிடைத்த ஒரே பெரிய வேடம் மலைப்பாதையில் பஸ் ஓட்டும் ஒரு டிரைவர். மொத்தம் இருபத்தாறு பாகம். அதன் வேலை முடிந்த ஆறாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை காலையில், சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார். இரண்டு பட்டன் பாக்கி இருந்தது. அதற்குப் பிறகு ஏழு மாதம் ஓடிவிட்டது.

குரலை வைத்துப் பிழைத்தவருடைய குரல் எங்கள் வீட்டில் எதிலும் இல்லை. மகளின் பள்ளிக்கூட நாடகம், என் தங்கை கல்யாணம், கடற்கரை என்று வீடியோவுக்குக் குறைவில்லை. ஆனால் எல்லாவற்றையும் எடுத்தவர் அவர். எடுக்கும்போது வாயைத் திறக்கமாட்டார், மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார். ஸ்டுடியோ பழக்கம். எங்கள் எல்லோர் சத்தமும் அதில் இருக்கிறது, அவருடையது மட்டும் இல்லை.

ஆக, எங்களிடம் இருந்தது அந்த டிரைவர்தான்.

"நீதான் டவுன்லோடு பண்ணி வச்சுட்டேன்னு சொன்னியே?" என்றேன்.

"பண்ணினேன்மா. அப்பாவோட பழைய போன்ல இருபத்தாறும் இருக்கு. இப்ப திறந்தா அதுலயும் இதையே சொல்றான். ஆறு மணிக்கு மேல அதுவும் ஓடாதாம்."

"நம்ம போன்ல இருக்கறதை அவன் எப்படி எடுப்பான்?"

"நம்ம போன்ல இருந்தாலும் நம்மளுது இல்லம்மா அது." நுரையைத் துப்பப் போவதுபோல் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் முட்டாள் இல்லை. பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்கார்ந்து நான்கு டாக்டர்களுக்கு நேரம் பிரித்துக் கொடுக்கிறவள். வீட்டிலும் எல்லோருக்கும் உத்தரவு போடுவதால் அவளுக்கு மேனேஜர் என்று பெயர் வைத்தவர் என் மாமனார். பத்திரமாக வைத்துவிட்டோம் என்று அவள் நம்பினாள், அவளை நம்பி நானும் நிம்மதியாக இருந்தேன்.

அந்தத் தொடரைத் தினமும் கேட்டவர் மாமனார். பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருடம் மெக்கானிக்காக இருந்தவர். கண்ணில் அழுத்தம் ஏறி, இப்போது வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும் தெரியும். மத்தியானம் மூன்றரை மணிக்கு நாற்காலியை டி.வி.க்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, ரிமோட்டைத் தடவிப் பட்டனை அமுக்குவார். மகன் பேசுவதை ஒரு மணி நேரம் கேட்பார். நடுநடுவே, "டேய், அது ரெண்டாவது கியர் சத்தம் இல்லடா" என்று திட்டுவார்.

நான் அந்த நேரத்தில் வீட்டில் இருக்கமாட்டேன். கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுவது என் வேலை. விடுமுறை நாளில்கூட மூன்றரை ஆனால் உப்பு வாங்கவாவது கிளம்பிவிடுவேன். அவர் போனபிறகு அவர் குரலை ஒரு வார்த்தைகூட நான் கேட்டதில்லை. கேட்டால் என்ன ஆவேன் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சாம்பல் வரி ஒரு மாதமாக அங்கே இருந்ததாம். கேட்டவருக்குக் கண் தெரியாது. கண் தெரிந்த நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

மேனேஜர் முகம் கழுவிவிட்டு வெளியே வந்தபோது திட்டத்தோடு வந்தாள். திரையை அப்படியே பதிவு செய்ய முயன்று பார்த்திருக்கிறாள். கறுப்புப் படம்தான் வந்திருக்கிறது, சத்தமும் இல்லை. அப்படிப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

"படம் வேண்டாம்மா நமக்கு. அந்த டிரைவர் மூஞ்சி யாருக்கு வேணும்? சத்தம் மட்டும் போதும். டி.வி. ஸ்பீக்கர் பக்கத்துல அப்பா போனை வச்சு ரெக்கார்டு போடு. வீட்ல ஒரு சத்தம் இருக்கக்கூடாது. மிக்ஸி கூடாது, குழாய் கூடாது, காலிங் பெல் வயரைக் கழட்டிடு."

"நீ இருந்து பண்ணேன்."

"இன்னிக்கு ரெண்டு பேர் லீவும்மா. மூணரைக்கு முன்னாடி விடமாட்டாங்க. முதல் பாகத்துலேர்ந்து ஆரம்பி."

"இல்ல. கடைசியிலேர்ந்து."

"ஏன்?"

"கடைசியாப் பேசினது கடைசியா இருந்த அப்பா" என்றேன். அவள் தலையாட்டினாள். அன்றைக்கு நான் செய்த பெரிய தப்பு அது. அப்போது சரியாகத்தான் பட்டது.

"தாத்தாகிட்ட சொல்லாத. போன்லேர்ந்து போட்டுக் கேக்க வச்சா வித்தியாசமே தெரியாது. சும்மா அவரை ஏன் கலக்கணும்?"

தாத்தா அப்போது பின்னறையில் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். கண் பரிசோதனைக்கு அழைத்துப் போக என் நாத்தனார் எட்டே முக்காலுக்கு வந்து வாசலில் ஹாரன் அடித்தாள். "மருமகளே, மூணுக்குள்ள வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியைத் தடவி இறங்கினார். மூன்று ஏன் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

கடைக்கு லீவு சொல்லிவிட்டு, ஒன்பதே காலுக்கு எல்லா ஜன்னலையும் அடைத்தேன். குளிர்பதனப் பெட்டியின் உறுமல் விழக்கூடாது என்று அதையும் அணைத்தேன். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் ஒரு மடித்த துண்டு, அதன்மேல் அவருடைய போன். கடைசி ஐந்தையும் முதலில் எடுத்துவிடலாம் என்று இருபத்திரண்டாம் பாகத்தை அமுக்கினேன்.

படம் வரவில்லை. வந்தது ஒரு அறிவிப்பு. இந்தக் கணக்கு ஏற்கெனவே இரண்டு இடங்களில் ஓடுகிறது, ஒன்றை நிறுத்தினால்தான் இங்கே ஓடும் என்று.

எங்கள் கணக்கிலேயே படம் பார்க்கும் நாத்தனாருக்குப் போன் போட்டேன். பின்னால் ஆஸ்பத்திரியில் டோக்கன் எண் கூப்பிடும் சத்தம்.

"உங்க வீட்ல யாரு டி.வி. பாக்கறது?"

"யாரு அண்ணி இருக்கா, உங்க வீட்டு மாப்பிள்ளைதான். இன்னிக்கு ஷிப்ட் இல்ல."

"ரெண்டு ஓடுதே."

"ஆமா, ஹால்ல ஒண்ணு போடுவார். ரூமுக்குப் போய் இன்னொண்ணு போடுவார். அப்புறம் நடு வாசப்படில நின்னு எதைப் பாக்கறதுன்னு யோசிப்பார். கடைசில தூங்கிடுவார்."

"எழுப்பி நிறுத்தச் சொல்லு. அவசரம்."

"என்ன அண்ணி, ஒரு சினிமாவுக்கு இவ்வளவு அவசரம்? அப்பா பக்கத்துல இருக்கார், என்னன்னு கேக்கறார்."

"ஒண்ணுமில்லன்னு சொல்லு" என்றேன். என் குரல் எனக்கே ஒண்ணுமில்லை என்பதுபோல் ஒலிக்கவில்லை.

மாப்பிள்ளையை எழுப்பி ஒன்றை நிறுத்தவைக்க இருபது நிமிடம் ஆனது. பிறகு படம் ஓடத் தொடங்கியது. ஆரம்ப இசை மட்டும் காதில் விழுந்தது. டிரைவர் வாயைத் திறக்கும் முன்னால் நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து, வாசல் கதவையும் சாத்திக்கொண்டு, மாடிப்படியில் உட்கார்ந்தேன். ஒரு பாகம் முடிந்தால் அடுத்தது தானாக ஓடும், உள்ளே ஆள் வேண்டியதில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஏழு மாதம் கடைக்கும் சந்தைக்கும் ஓடியவள், அன்றைக்குப் படிக்கட்டு வரை ஓடினேன்.

படியில் என்ன செய்வது? கடையில் பாதியில் விட்டு வந்த ஒரு லென்ஸைப் பற்றி யோசித்தேன். சுவரில் காரை பெயர்ந்த இடத்தைப் பார்த்தேன். மேல்வீட்டுக்காரர் தண்ணீர்க் குடத்தோடு ஏறி வந்தபோது உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். உள்ளே ஏதோ குழந்தை தூங்குகிறது என்று நினைத்து அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே போனார். நல்ல மனிதர்.

பன்னிரண்டரைக்கு உள்ளே போய்ப் பார்த்தேன். அறை நிசப்தமாக இருந்தது. திரை நடுவில் ஒரு கேள்வி: இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?

மூன்று பாகம் தொடர்ந்து ஓடினால் அது நின்று ஆள் இருக்கிறதா என்று கேட்குமாம். பதில் சொல்ல ஆள் இல்லாததால் ஒரு மணி நேரமாகக் கேட்டபடியே நின்றிருக்கிறது. அவருடைய போன் அந்த நிசப்தத்தை ஒரு மணி நேரம் சிரத்தையாகப் பதிவு செய்துகொண்டிருந்தது.

"பாக்கறேன், பாக்கறேன்" என்று திரையிடம் சொல்லிவிட்டுப் பட்டனை அமுக்கினேன். திரும்பவும் ஆரம்ப இசை. திரும்பவும் படிக்கட்டு.

இரண்டு மணிக்குச் சற்று முன்னால் உள்ளேயிருந்து துப்பாக்கி சுடும் சத்தம் கேட்டு அலறி ஓடினேன். இருபத்தாறும் முடிந்து, அதுவாகவே ஏதோ ஒரு போலீஸ் படத்தைப் போட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் கேட்காததை எல்லாம் போடுவதில் அதற்கு அவ்வளவு உற்சாகம். நிறுத்தி, பத்தொன்பதை வைத்துவிட்டு வந்தேன். மனதுக்குள் கணக்குப் போட்டேன். இதுவரை ஐந்து எடுத்தாயிற்று. பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று. மேனேஜர் வருவதற்குள் எட்டு. பாதிகூட இல்லை.

மூன்று மணிக்குக் கீழே ஹாரன் கேட்டது. நாத்தனார் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். மாமனார் படிகளை மெதுவாக எண்ணி ஏறி வந்தார். எனக்கு நான்கு படி கீழே நின்றார்.

"யாரு, மருமகளா? படில ஏன் உக்காந்திருக்க?"

"வீடு கழுவி விட்டிருக்கேன் மாமா. காயட்டும்னு."

"கழுவினா ஈர வாசனை வருமே." மூக்கை உறிஞ்சினார். பிறகு தலையைச் சாய்த்தார். டிப்போவில் இன்ஜின்மேல் காதை வைத்துக் கேட்கும்போதும் இப்படித்தான் சாய்ப்பார் என்று என் கணவர் நடித்துக் காட்டியிருக்கிறார். "உள்ள டி.வி. ஓடுது."

இனி மறைத்துப் பயனில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு மணி, பழைய போன், துண்டு, கடைசியிலிருந்து எடுப்பது, எல்லாம். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் என்னைத் தாண்டிப் போய்க் கதவைத் திறந்து, ஹாலைக் கடந்து, அறை வாசலில் நின்றார். ஐந்தாறு வினாடி.

"காலைலேர்ந்து இதையா எடுத்துட்டிருக்க?"

"ஆமா மாமா."

"இது அவன் இல்லையே."

எனக்குப் புரியவில்லை.

"பதினெட்டோட அவன் முடிஞ்சு போச்சும்மா. பத்தொன்பதுலேர்ந்து வேற யாரோ பேசறான். நான் எப்பவும் பதினெட்டு கேட்டுட்டு மறுபடி ஒண்ணுக்குப் போயிடுவேன். நீ கவனிச்சதில்ல."

நான் உள்ளே போனேன். ஏழு மாதத்தில் முதல் தடவையாக அந்தத் தொடர் ஓடும் அறைக்குள் நின்று காதைக் கொடுத்தேன். டிரைவர் யாரிடமோ டிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தார். கனத்த, நல்ல குரல். முன்பின் கேட்டிராத ஒரு மனிதரின் குரல்.

ஒரு நிமிடம் உள்ளே நின்று கேட்டிருந்தால் ஒன்பதரைக்கே தெரிந்திருக்கும்.

"ஆனா மாமா, அவர் கடைசி வரைக்கும் போனாரே. அந்த வேலையோட கடைசி மூணு வாரமும் தினமும் பத்து மணிக்கு ஸ்டுடியோன்னார். நான்தான் சாப்பாடு கட்டிக் கொடுத்தேன். ஸ்டுடியோலேர்ந்து வந்து தொண்டை வலிக்குதுன்னு வெந்நீர் கேப்பார். ஸ்டுடியோ போகலேன்னா எங்க..."

அவர் கையை உயர்த்தினார். "மணி என்ன?"

"மூணு பத்து."

"ஆறு மணி வரைக்கும் அதைப் பத்திப் பேசாத. முதல்ல அவனை எடு."

அப்படித்தான் அந்த மாலை தொடங்கியது. கேட்க வேண்டிய கேள்வி தொண்டையில் நிற்கிறது. கேட்டால் பதிவில் விழும்.

முழுப் பாகங்களை எடுக்க நேரமில்லை. டிரைவர் பேசும் இடங்கள் மட்டும் போதும் என்றார் மாமனார். எந்த இடம் எங்கே என்பது அவருக்கு மனப்பாடம். "ஒண்ணாவதுல, கோழி கத்தினதும் வருவான். அப்புறம் கதவு ரெண்டு தடவை மூடும், மறுபடி வருவான்." நான் படத்தை ஓட்டித் தேடுவேன். அவர் இடது கையைத் தூக்குவார். நான் போனில் பட்டனை அமுக்குவேன். கையை இறக்கினால் நிறுத்துவேன்.

முதல் தடவை அவர் கை உயர்ந்தபோது, திரையில் தொப்பிக்காரர் வாயைத் திறந்தார்.

"ஏறுங்க ஏறுங்க, மலை எங்கயும் போயிடாது."

அவ்வளவுதான் வசனம். நான் போர்வை நுனியைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டு வாசலில் செருப்பு மாட்டும்போது பேசும் அதே குரல். ‘போயிடாது’ என்பதில் கடைசி எழுத்தைக் கொஞ்சம் விழுங்கிவிடுவார். ஸ்டுடியோவில் அதற்குத் திட்டு வாங்கியதாகச் சொல்வார். அந்தப் பதிவை இன்று கேட்டால், அவர் வசனத்துக்குப் பின்னால் யாரோ மூக்கால் மூச்சு இழுக்கும் சத்தம் இருக்கிறது. அது நான்.

மூன்றே முக்காலுக்கு மேனேஜர் மூச்சிரைக்க வந்தாள். ஆஸ்பத்திரி அடையாள அட்டை கழுத்திலேயே தொங்கியது. அறை வாசலில் தாத்தாவைப் பார்த்ததும் முகம் வெளிறியது.

"தாத்தாவுக்கு எல்லாம் தெரியும். ரிமோட்டை வாங்கிக்கோ" என்றேன்.

"எத்தனை எடுத்தீங்க?"

"மூணாவது பாகத்துல இருக்கோம்."

"காலைலேர்ந்து மூணா? என்னம்மா நீ!"

"ஏய் மேனேஜர், கத்தறதை அப்புறம் வச்சுக்கோ. நாலுக்குப் போ. மழை நின்னதும் நிறுத்து" என்றார் தாத்தா.

அவளுக்கு வேகம் வந்துவிட்டது. நான்கு, ஐந்து, ஆறு. டிரைவர் பயணியைத் திட்டினார், பாட்டரி தீர்ந்த ரேடியோவைத் தட்டினார், ஒரு கிழவரின் மூட்டையைத் தூக்கி வைத்தார். ஒன்பதாம் பாகத்தில் ஓர் ஆட்டுக்குட்டி பஸ்ஸுக்குள் ஏறிவிட, அவர் சிரிக்கும் இடம் ஒன்று உண்டு. நடிப்புச் சிரிப்பு இல்லை. பேசும்போது நிஜமாகவே சிரிப்பு வந்து, அதையே வைத்துக்கொண்டார்கள் என்று அன்று வீட்டுக்கு வந்து சொன்னார். மேனேஜர் அந்த இடத்தில் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தாத்தாவின் கை உயர்ந்தபடியே நின்றது. சிரிப்பு முழுவதும் முடியும்வரை இறங்கவில்லை.

ஐந்து மணிக்குத் திரை நின்றது. நடுவில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது.

"என்ன ஆச்சு?"

"நெட் ஸ்லோ தாத்தா. எல்லாரும் வேலை விட்டு வந்து பாக்க ஆரம்பிச்சுட்டாங்க."

"எல்லாருக்கும் இன்னிக்கேவா பாக்கணும்?"

"அவங்களுக்கு எல்லா நாளும் இதேதான் தாத்தா."

வட்டம் சுற்றியது. மேனேஜர் நெட் பெட்டியை அணைத்துப் போட்டாள். திட்டினாள். மறுபடி போட்டாள். மறுபடி வட்டம். ஐந்தே கால். ஐந்தரை. அந்த அரை மணி நேரம் பேசுவதற்குத் தடை ஏதும் இல்லை, எதுவும் பதிவாகவில்லை. நான் மாமனாரின் முகத்தைப் பார்த்தேன். பார்ப்பது அவருக்குத் தெரியாது, ஆனால் தெரிந்ததுபோல், "ஆறாகட்டும்மா" என்றார்.

ஐந்து முப்பத்தைந்துக்குப் படம் உயிர் பெற்றது. பன்னிரண்டிலிருந்து பதினேழு வரை அள்ளிக்கொண்டு ஓடினோம். ஐந்து ஐம்பத்து நான்குக்கு இரண்டு இடம் மிச்சம் இருந்தது. பதினொன்றில் ஒன்று, வட்டம் சுற்றியபோது விட்டுப்போனது. பதினெட்டில் ஒன்று. ஒன்றுக்குத்தான் நேரம்.

"பதினொண்ணு எடுங்க" என்றார் மாமனார். "வண்டி மலை உச்சியில நிக்கும். ஆள் ஏறற வரைக்கும் ஒரு பாட்டை முணுமுணுப்பான். வசனமே கிடையாது."

"தாத்தா, பதினெட்டுல அந்த டிரைவர் பொண்ணுக்குப் போன் பண்ணுவார். சாப்டியான்னு கேப்பார். ஒரு நாள் நீங்க போட்டப்ப காதுல விழுந்துது." மேனேஜரின் குரல் சின்னக் குழந்தையின் குரல்போல் ஆகிவிட்டது. "அப்பா எனக்குப் பண்ணா அதைத்தான் முதல்ல கேப்பார்."

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"பதினெட்டு" என்றேன்.

மாமனார் இடது கையைத் தயாராக வைத்துக்கொண்டார்.

"சாப்டியாம்மா? என்ன சாப்டே? சரி, கதவைப் பூட்டிக்கோ. நான் வர நேரமாகும்."

கை இறங்கியது. மேனேஜர் பாய்ந்து பதினொன்றைத் தேடினாள். படம் திறந்தது, மலை உச்சி தெரிந்தது, பஸ் நின்றது. அவ்வளவில் திரை வெளுத்தது. இந்தத் தொடர் தற்போது கிடைக்கவில்லை. கீழே வரிசையாக வேறு படங்கள், நாங்கள் விரும்பக்கூடியவையாம். பழைய போனைத் திறந்து பார்த்தாள். டவுன்லோடு செய்து வைத்த இருபத்தாறின் பெயரும் சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது. நாங்கள் பதிவு செய்தவை மட்டும் அப்படியே இருந்தன.

"சாரி தாத்தா."

"பரவால்ல. அந்தப் பாட்டு எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார். அவரைப் பாடிக் காட்டச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

நான் டி.வி.யை அணைத்தேன்.

"மாமா, ஆறாயிடுச்சு."

"ம்."

"அந்த மூணு வாரம் அவர் எங்க போனார்?"

மேனேஜர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். பத்தொன்பதாம் பாகத்து விஷயத்தை அவளுக்கு இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். அவள் மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அவனை யாரும் நிறுத்தல. அவனாத்தான் வேண்டாம்னு வந்துட்டான்" என்றார் மாமனார். "நீங்க ரெண்டு பேரும் வேலைக்குக் கிளம்பினதும் என்னையும் கூட்டிட்டுப் போவான். துணைக்கு வாப்பான்னான். எங்கேன்னு கேட்டேன். உனக்கும் நடந்த மாதிரி இருக்கும்ல, வான்னான்."

"எங்க மாமா?"

"ரெண்டு பஸ் மாறணும். இறங்கி, வெயில் முதுகுல படற பக்கமா நடக்கணும். இரும்பு கேட். ஆறு படி. உள்ள சில்லுனு இருக்கும், மருந்து வாசனை கிடையாது. என்னை ஒரு மர பெஞ்சுல உக்கார வச்சுட்டு அவன் எதிர்ல உக்காந்து படிப்பான். ஏதோ கதைப் புத்தகம். தினம் ரெண்டு மணி நேரம். டப்பிங் குரல்ல இல்ல. நம்மகிட்ட பேசற குரல்ல."

"உங்களுக்கா படிச்சார்?"

"எனக்கு இல்லம்மா. அங்க இன்னொருத்தர் இருந்தாங்க. அவங்களுக்கு."

"யாரு?"

அவர் கையை விரித்தார்.

"ஆம்பளையா தாத்தா, பொம்பளையா?" என்றாள் மேனேஜர். "வயசானவங்களா?"

"நாற்காலி நகர்ற சத்தம் கேக்கும். பக்கம் புரளும்போது மூச்சு விடறது கேக்கும். ஒரு நாள் அழுதாங்க. அதுகூடச் சத்தமில்லாம. அவன் படிக்கறதை நிறுத்தினதை வச்சுத்தான் அழறாங்கன்னே எனக்குத் தெரிஞ்சது." அவர் முகத்தை என் பக்கம் திருப்பினார். "பேசலியேம்மா. மூணு வாரத்துல ஒரு வார்த்தை பேசலை. பேசியிருந்தா குரலை வச்சு யாருன்னு அன்னிக்கே உங்கிட்ட வந்து சொல்லியிருப்பேன்."

"அவர்கிட்ட கேக்கலியா நீங்க?"

"கேட்டேன். முடியட்டும்பா, நானே சொல்றேன்னான். புத்தகம் முடிஞ்சுது. அவன் சொல்லலை."

அடுத்த அறையில் காலையிலிருந்து அணைந்து கிடந்த குளிர்பதனப் பெட்டியின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. மேனேஜர் எழுந்து போய் அதைத் துடைக்கத் தொடங்கினாள். துடைப்பதற்கு அவ்வளவு நேரம் ஆகாது. அவளுக்கு அங்கே இருக்க வேண்டியிருந்தது.

"மறுபடி போனா இடம் தெரியுமா மாமா?"

"ரெண்டாவது பஸ்ஸை விட்டு இறங்கிட்டா கால் தானாப் போகும்."

கடை அடைக்கும் நேரம். முதலாளிக்குப் போன் செய்து, நாளைக்கும் வரமுடியாது என்றேன். லென்ஸ் பாதியில் கிடக்கிறதே என்றார். மாமனாரை ஓர் இடத்துக்கு அழைத்துப் போக வேண்டும் என்றேன்.

"கண் ஆஸ்பத்திரிக்கு இன்னிக்குத்தானே போனார்? நாளைக்கு எங்க?"

"இன்னும் தெரியல சார்" என்றேன்.